வெறும் பெட்டியோடு வரும் பாதை

"றெக்ஷன் அண்ணை, நாளைக்கு இவர் இதில மீன் ஏத்திக்கொண்டு போகலாமோ, ஏலாதோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ."

கிருசாந்தி கராஜுக்குள் வந்தபோது வணக்கம் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் கணவன் சுதன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றான். முழங்கையில் கட்டு. காற்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது. முதல்நாள் மத்தியானம் புங்குடுதீவுப் பாலத்தில் ஹாண்டில் தானாக உதறத் தொடங்கி, அவனை ஓரக் கற்களில் எறிந்துவிட்டது. கற்களுக்கு அந்தப் பக்கம் கடல்.

"காத்து, மச்சான்," என்றான் சுதன்.

"காத்து உங்களை மட்டுமோ தேடி வந்தது?" என்று திரும்பினாள் கிருசாந்தி. "அண்ணை பிரிச்சுப் பூட்டின பிறகுதான் விழுந்தனீங்கள்."

றெக்ஷன் மறுக்கவில்லை. போன கிழமை அந்த வண்டியின் முன் சில்லைப் பிடிக்கும் ஃபோக்கையும் பின் ஷொக்குகளையும் கழற்றிப் பூட்டியது அவர்தான்.

ஊர்காவற்றுறைக் கடற்தொழில் குடும்பம் அவருடையது. வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவருக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தாலே வயிறு பிரட்டும். அலை பெரிதானால் உள்ளங்கை வேர்க்கும். அதனால் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் வேலை பழகி, வேலணையில் சொந்தமாக ஒன்று போட்டார். தீவுப்பகுதி வண்டிகளில் அவருக்கு ஓயாத வேலை, பள்ளத்தில் விழும் அடியைத் தாங்கும் பாகங்களில்தான். உப்புக்காற்று ஃபோக் குழாயில் பொட்டுப்பொட்டாகக் கறள் வைக்கும். அந்தக் கறள் ஒயில் சீலைக் கிழிக்கும். ஒயில் போனால் வண்டி குதிரை மாதிரித் துள்ளும்.

சுதனின் வண்டிக்குக் குழாய், சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஒயில் விட்டிருந்தார். பின் ஷொக்குச் சுருள்களின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை எல்லா மீன் வியாபாரிகளும் கேட்கிறபடி கடைசிப் பல்லுக்கு ஏற்றி இறுக்கியிருந்தார். இல்லாவிட்டால் ஐஸும் மீனும் நிறைந்த பெட்டி பள்ளத்தில் சில்லுக்கு மேலுள்ள மட்காட்டை இடிக்கும்.

இப்போது மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். ஒயில் ஒழுகவில்லை. சில்லு நேராகச் சுற்றியது. ஹாண்டில் கழுத்தில் ஆட்டம் இல்லை. பூட்டி, பெட்டி நிறைய ஐஸ் ஏற்றிச் சாட்டிக் கடற்கரை வரை ஓடிவிட்டு வந்தார். வண்டி நூல் பிடித்ததுபோல் போனது.

"பிழை ஒண்டும் இல்லைத்தானே," என்று எழும்பினான் சுதன்.

"இருக்கு. எனக்குப் பிடிபடேல்லை. அது பிடிபடாமல் நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்."

"அப்ப நாளைக்கு மீனை நீயோ தோளில காவப்போறாய்?"

"நீ கடலுக்குள்ள போனால் உன்னையும் நான்தான் காவவேணும்."

கிருசாந்திக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு ஒண்டு விளங்கேல்லை அண்ணை. விடிய எங்கட பக்கம் மடத்துவெளியில மீன் ஏத்திக்கொண்டு போகேக்கை ஒருநாளும் கரைச்சல் இல்லை. சந்தையால வரேக்கைதான் முகம் வெளிறி வாறார். ஹாண்டிலை இறுக்கிப் பிடிச்சுப் பிடிச்சு விரல் மடங்காது. சோறு குழைக்கக்கூட ஏலாது."

றெக்ஷன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"வரேக்கை பெட்டி வெறுமையோ?"

"பின்ன? வித்துப்போட்டுத்தானே வருவன்," என்றான் சுதன்.

றெக்ஷன் ஐஸைக் கொட்டினார். மீன் வண்டியைப் பாரத்தோடு ஓடிப் பார்ப்பதுதான் அவருடைய வழக்கம். வெறும் பெட்டியோடு எவரும் சோதித்ததில்லை. வெறும் வண்டிக்கு என்ன வரப்போகிறது என்ற எண்ணம்தான். ஏறிப் பாலத்தை நோக்கி விட்டார்.

பாலம் நீளமானது, ஒடுங்கியது. இரண்டு பக்கமும் கடல். தென்மேற்குச் சோளகக் காற்று இடப்பக்கத்தால் அடித்தது. முதல் பள்ளம் வரை ஒன்றும் இல்லை. இரண்டாவதில் பின்பக்கம் துள்ளி எழும்பியது. எழும்பிய பெட்டியைக் காற்று பாயைப் பிடிப்பதுபோல் பிடித்தது. பாரம் எல்லாம் முன்னுக்கு விழ, ஹாண்டில் இரண்டு கைக்குள்ளும் வெட்டி வெட்டி அடிக்கத் தொடங்கியது. எதிரே பஸ். பிரேக் பிடிக்க விரல் நீண்டது; பிடித்தால் முடிந்தது என்று தெரியும். வலப்பக்கம் தண்ணீர் பளபளத்தது. உள்ளங்கை நனைந்து வழுக்கியது. பின்னுக்குத் தள்ளிக் குந்தி, கையைத் தளர்த்தி, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தார். பஸ் ஹோர்ன் அடித்தபடி தோளை உரசுவதுபோல் கடந்தது. அதற்குப் பிறகுதான் உதறல் அடங்கியது.

வண்டியை நிறுத்தி, கற்களில் குந்தி, வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தார்.

திரும்பி வந்ததும் சொன்னார்: "பிழை என்ர கையாலதான். பாரத்துக்கு எண்டு பின்பக்கத்தை அவ்வளவு இறுக்கி உயர்த்திப்போட்டன். பாரம் இறங்கினால் அது உன்னை முன்னுக்குக் குத்துது."

"அப்ப இறக்கிவிடு."

"முழுக்க இறக்கினால் விடிய மீனோட பெட்டி மட்காட்டில இருக்கும். சந்தையில வித்து முடிய நீதான் வளையத்தைத் திருப்பி இறக்கவேணும். ஸ்பனர் தாறன்."

"மீன் செதிலோட சந்தைக்குள்ள குந்தியிருந்து ஸ்பனர் பிடிக்கவோ? ஒருநாள் செய்வன். ரெண்டாம் நாள் மறந்துபோவன்."

உண்மையைத்தான் சொன்னான்.

"பெட்டி வெறுமையா வராட்டி?" என்றாள் கிருசாந்தி.

"மீனைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுறீரோ?" என்றான் சுதன்.

"தண்ணி. எங்கட கிணறு உவர். பவுசர் லொறி வந்தால்தான் குடிக்கத் தண்ணி. நீங்கள் சாட்டிக் கிணத்தடியைத் தாண்டித்தானே வாறீங்கள்? நல்ல தண்ணி ரெண்டு கான் பிடிச்சு வைச்சால் என்ன?"

றெக்ஷன் யோசித்தார். "கழுத்து முட்டப் பிடிக்கவேணும். அரைக் கான் எண்டால் தண்ணி குலுங்கி இன்னும் கரைச்சல். மூடி இறுக்கம். பெட்டிக்குள்ள அடியில வைச்சுக் கட்டவேணும்."

பிறகு வேலையில் இறங்கினார். பின் வளையத்தை நடுப்பல்லுக்கு இறக்கினார். பெட்டிக்குக் கீழே இருந்த பலகையைக் கழற்றி, பெட்டியைச் சட்டத்தோடு பதித்தார். மட்காட்டை ஒரு விரல் அளவு வெட்டினார். முன் ஒயிலைக் கொஞ்சம் தடிப்பாக மாற்றினார். கான்களை ஏற்றித் தானே பாலத்தில் ஓடிப் பார்த்தார். ஐஸை ஏற்றி மறுபடி ஓடினார். இந்தமுறை சத்தி வரவில்லை. ஆனாலும் கிருசாந்தி எதிர்பார்த்த ஒற்றைச் சொல்லை முழுதாகக் கொடுக்கவில்லை.

"போகலாம். தண்ணி இல்லாமல் திரும்பி வரக்கூடாது."

அடுத்தநாள் மத்தியானம் கிருசாந்தி மடத்துவெளிப் பக்கம் பாலம் முடியும் இடத்தில் குடையோடு நின்றாள். காற்று குடையைப் புரட்டியது. மடக்கிக் கக்கத்துக்குள் வைத்தாள். றெக்ஷன் கராஜில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி காத்திருந்தார்.

"தெரியுதோ?"

"இல்லை."

ஒரு வான் வந்தது. பிறகு சைக்கிளில் ஒருவர், காற்றுக்குச் சரிந்து மிதித்தபடி.

"இப்ப?"

"ஒரு புள்ளி மாதிரி... ஓம், அவர்தான். பள்ளத்தடிக்கு வாறார் அண்ணை."

தொலைபேசியில் காற்று மட்டும் இரைந்தது. வண்டி இறங்கியது, ஒருமுறை அமுங்கி எழும்பியது, நேரே வந்தது.

"தாண்டிட்டார்!" என்று கத்தினாள். "ஒரு கையாலதான் ஓடுறார் அண்ணை. மற்றக் கையால எனக்குக் கை காட்டுறார்!"

"அந்த விசரனைக் கையை இறக்கச் சொல்லும்," என்றார் றெக்ஷன். "ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொல்லும்!"