காஜா அக்காவின் இரண்டாவது லென்ஸ்

கோட்டு தைக்கும் கடையில் இருபத்தாறு வருஷமாகப் பொத்தான் துளைகளைச் சுற்றிக் கையாலேயே காஜா எடுக்கிறவள் என்பதால், தெருவுக்கே அவள் காஜா அக்கா. வக்கீல் கோட்டென்றால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல். அவள் போடும் தையலுக்கு நடுவே எறும்பு நுழைய இடமிருக்காது.

அவள் அம்மா வழியில் ஐம்பதைத் தாண்டிய யாருக்கும் கண் தெளிவாக இருந்ததில்லை. பெரிய மாமா, சின்ன மாமா, பெரியம்மாவின் இரண்டு பெண்கள் என்று வரிசையாகப் புரை விழுந்தது. குடும்பச் சொத்தில் எல்லோருக்கும் சமமாக வந்தது இது ஒன்றுதான் என்று சின்ன மாமா சிரிப்பார். அக்காவுக்கும் அவள் பங்கு வந்து சேர்ந்தது, இரண்டு கண்ணிலும்.

ஒரே மகள், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. தலைமேல் இருக்கும் கண்ணாடியை வீடெல்லாம் தேடும் அம்மாவைப் பார்த்துச் சலித்தவள். இருப்பதிலேயே உசத்தியான லென்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, புரை அறுவையில் வலது கண்ணுக்கு வைக்கச் செய்தாள். வளையம் வளையமாக அமைந்த லென்ஸ் அது. தூரமும் தெரியும், கிட்டமும் தெரியும். உண்மையாகவே தெரிந்தது. அக்கா பஸ் நம்பரைப் படித்தாள், மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படித்தாள். மகள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

கடையில்தான் சங்கடம். கறுப்பு நூல் கறுப்புத் துணிக்குள் போய் ஒளிந்துகொண்டது. இடது கண்ணோ இன்னும் புரை மூடிக் கிடந்தது. அதற்கும் அதே லென்ஸ் வைக்க வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தது. அதையும் வைத்தால் வேலை கைவிட்டுப் போய்விடும். ஆசையாகச் செய்த பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்து வாங்க மகள் கடைக்கு வந்தாள். ஜன்னலோரம் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கோட்டின் காஜாவை நகத்தால் தடவித் தடவித் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரமா இப்படித்தாம்மா," என்றார் கட்டிங் மாஸ்டர். "கேட்டா, கண்ணுக்கு ஓய்வு குடுக்கறேன்னு என் காதுல பூ சுத்தறாங்க."

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏம்மா சொல்லல?"

"நீ ஆசையா வச்சுவிட்டது. அதுல நான் குத்தம் சொல்லணுமா?"

"நான் வச்சுவிட்டது உனக்காகத்தானே? எனக்காக நீ குருடியா தைப்பியா?" மகள் கையெழுத்து வாங்காமலே அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "அந்த லென்ஸ் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடும்மா. கறுப்புல கறுப்பைப் பிரிச்சுப் பார்க்க அது பத்தல. மொதல்லயே உங்க வேலையை விவரமாக் கேட்டிருக்கணும், நான் விட்டுட்டேன். சாதா லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான், ஆனா முழு வெளிச்சமும் அங்கயே வரும். எந்தத் தூரத்துல வச்சுத் தைப்பீங்க?"

அக்கா பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, கண்ணிலிருந்து மடிவரை பிடித்தாள். "அம்பத்திரெண்டு சென்டி."

மகள் சிரித்துவிட்டாள். "டாக்டர் முன்னாடி பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் நிமிர்ந்து உக்காந்து அளந்தா எப்படி? என்னைக்கு நீ இப்படித் தைச்சே?" அம்மாவின் முதுகை மெல்ல அமுக்கி வளைத்து, மறுபடி அளந்தாள். முப்பத்தாறு.

"இடதுக்குச் சாதா வச்சா ரெண்டு கண்ணும் ரெண்டு விதமா இருக்கும், பழகக் கொஞ்ச நாளாகும்," என்றார் டாக்டரம்மா.

"மாமியாரோட பத்து வருஷம் ஒரே சமையலறையில பழகினவ நான். இதுக்கென்ன?"

அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்துக் கோட்டை மடியில் போட்டாள். துணி ஒரு கறுப்பு, நூல் ஒரு கறுப்பு, உள்துணி வேறு கறுப்பு. மூன்றும் தனித்தனியாக வந்து நின்றன. மகளுக்கு மட்டும் ஒரு உறுத்தல் பாக்கி.

"அப்போ நான் வச்சுவிட்டது வீண்தானேம்மா?"

அக்கா வலது கண்ணைப் பொத்தினாள், பிறகு இடதைப் பொத்தினாள்.

"நீ தெருமுனையில திரும்பறப்பவே, நீ வச்சுவிட்ட இந்த வலதுல தெரிஞ்சுடறே. உடனே உலை வைக்கறேன். பக்கத்துல வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா இடதுல தெரியுது. ரெண்டும் வேணும்டி எனக்கு."