வலையில் மிச்சமிருந்த இருபது

அப்போது நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் லாரி கிளீனர், கல்யாணச் சமையலில் எடுபிடி, துறைமுகத்தில் விசைப்படகின் அடிப்பாகம் சுரண்டுகிற வேலை. எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. படிப்பு எட்டாவதோடு சரி.

நெடுங்காட்டுப் பக்கத்துப் பள்ளியிலிருந்து பதினெட்டுப் பெண்பிள்ளைகளையும் ஒரு டீச்சரையும் கோட்டுச்சேரிமேட்டு மீன்பிடிக் கரைக்கு ஏற்றிப் போனேன். கடல் உயிர்களில் இருபது வகையை நேரில் பார்த்து நோட்டில் வரைய வேண்டும். டீச்சர் இரண்டு வருடம் கேட்டு வாங்கிய அனுமதி. "இன்னைக்கு நோட்டு நிறையலன்னா, அடுத்த தடவை விட மாட்டாங்க" என்று வழியிலேயே சொல்லிவிட்டார்.

போய் இறங்கினால் படகுகள் எல்லாம் மணலில் வரிசையாகக் கிடந்தன. ஏலம் இல்லை, கூடை இல்லை. வலைக்கொட்டகையில் ஓர் அக்கா மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நேத்து பொழுது சாய ஊர்ல ஒரு சாவுங்க. எடுக்குற வரைக்கும் யாரும் தொழிலுக்குப் போவ மாட்டோம்."

வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று விசாரித்து நாற்று விடுகிற ஊர் டீச்சருடையது. மழையை விசாரித்தார், கடலேற்றத்தை விசாரித்தார். ஊரில் சாவு விழுந்தால் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் முந்தின ராத்திரி ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை.

டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பினேன். அக்காவுக்குப் பின்னால் ஈரச்சாக்கு போட்டு மூடிய நண்டுவலை கிடந்தது. நண்டை எடுத்துவிட்டு, கூடச் சிக்கிய மற்றதைப் பிரித்துக் கழிப்பதற்குள் சாவுச் செய்தி வந்திருக்கிறது.

"அக்கா, அந்த வலைய புள்ளைங்க பாக்கலாமா?"

"தொழில் பாக்கக் கூடாதுய்யா."

"பாடம்தான படிக்கப் போறாளுங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "படிக்கறது தொழில் இல்லதான். முள்ளு குத்துனா என்னைத் திட்டக் கூடாது."

சாக்கை விலக்கியதும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சங்கு, நட்சத்திர மீன், முள் உருண்டை, பாசி, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. ஒவ்வொன்றாகப் பிரித்து, கடல் தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டு வரைந்தார்கள். பத்தொன்பதில் நின்றது. வலை காலி.

வலையின் மிதவையில் வெள்ளையாக, சின்னச் சின்ன ஓடாக ஏதோ ஒட்டியிருந்ததை டீச்சர் குனிந்து பார்த்தார். கொட்டலசு. படகடியில் மாதக்கணக்கில் நான் சுரண்டியது இதைத்தான். உள்ளங்கை கிழிந்து, அந்தக் கையாலேயே சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

"அது சுண்ணாம்பு டீச்சர், உசுரு இல்ல" என்றேன்.

"வாளில போடுங்கண்ணா."

மிதவையை அவிழ்த்துப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓட்டின் வாய் திறந்து, இறகு போல ஒன்று வெளியே வந்து தண்ணீரைத் துழாவியது. பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் எல்லாம்.

"இருபது!" என்று ஒருத்தி கத்தினாள். டீச்சர் வாயைப் பொத்தச் சொன்னார், சாவு வீட்டை நினைத்து. ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அக்கா வலையை உதறிப் பார்த்தார். ஒரு தூசி இல்லை. "அடிப் பாவிங்களா, படிக்கிறோம்னு சொல்லி என் வேலைய முடிச்சுட்டீங்களே. ஊர்ல கேட்டா நான் என்னடி சொல்றது?"

"பரீட்சை வச்சோம்னு சொல்லுங்க அக்கா" என்றாள் ஒருத்தி.

வாளியைக் கடலில் கவிழ்க்க நான்தான் போனேன். கொட்டலசு ஒட்டிய மிதவையை மட்டும் திருப்பித் தர வேண்டும். அக்கா கேட்கும்வரை அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.