நீளத்தில் கை வைக்காதவர்

பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு யோகேந்திரா ஜல்லியின் விலையை அடித்துவிட்டு, மேலே புது விலையை எழுதுகிறார். அடுத்தது தார். அதை எழுதும் முன் ஒரு பெருமூச்சு. கப்பலில் வரும் சரக்குக்கு அந்த மரியாதை உண்டு. பதினான்கு வருடமாக இதுதான் அவருடைய காலை வேலை. பிஜித் தலைநகர் சுவாவின் புறநகர்ச் சாலையை வுனிமோனோ வரை நீட்டும் திட்டத்துக்கு அவர்தான் மதிப்பீட்டு எழுத்தர். திட்டத்துக்கு இரண்டு அடிக்கல் உண்டு. சாலை இல்லை.

எண்பத்தாறில் அது நான்கு வழிச் சாலையாகத்தான் பிறந்தது. மறு வருடம் ஒன்றுக்கு இரண்டாக ஆட்சிக் கவிழ்ப்பு; ஊரார் வாயில் அது 'கூ'. பிஜி டாலர் விழுந்தது. கடன் தருவதாக இருந்த வெளிநாட்டு வங்கி கையை விரித்தது. யோகேந்திரா தெருவிளக்குகளை வெட்டினார். பொறியாளர் ஒருவர் ஆக்லாந்துக்குக் குடிபோனார், நடைபாதை போயிற்று. இன்னொருவர் சிட்னிக்குப் போனார். நான்கு வழி இரண்டாயிற்று. எவ்வளவு வெட்டினாலும் செலவு மட்டும் வருடா வருடம் வளர்ந்துகொண்டே வந்தது. எதிர்பாராச் செலவு என்ற இனத்துக்குப் பத்து சதவீதம் போடுவது வழக்கம். இவர் இருபது போடுகிறார். தமிழ் தெரிந்தவர் யாராவது காரணம் கேட்டால், "நம்ம ஊர்ல கூ வரும்னு எதிர்பார்த்துதானே உக்காந்திருக்கோம்" என்பார்.

நீளத்தில் மட்டும் அவர் கை வைத்ததில்லை. "ரோடு சொன்ன எடத்துக்குப் போவணும். இல்லேன்னா அது ரோடா, சந்தா?"

அந்த நீளத்தின் கடைசி முந்நூறு மீட்டரில்தான் ஜான்கியின் வீடு இருந்தது. கணவரை இழந்தவர், மகன் ரோனல் பிரிஸ்பேனில். சாலைக்கு எடுக்கும் நிலம் என்று வரைபடத்தில் கோடு விழுந்ததால் வீட்டை வாங்க ஆள் இல்லை. இடிக்கப்போகிறார்களே என்று அவரும் ஒழுகும் கூரையை மாற்றவில்லை. மாதம் ஒருமுறை பஸ் ஏறி அலுவலகத்துக்கு வருவார்.

"என்னா தம்பி, ரோடு வருதா?"

"அடுத்த பட்ஜெட்ல வந்துரும் அக்கா. பக்கா."

"ஒன் பக்கா எனக்கு வாணாம். வல்லேன்னா வல்லேன்னு ஒரு கடுதாசி குடு. மவன் கூப்புட்டுக்கினே இருக்கான்."

அந்தக் கடிதத்தைத்தான் அவரால் எழுத முடியவில்லை. வராத சாலைக்கு மதிப்பீட்டு எழுத்தர் எதற்கு என்று மேலே யாராவது யோசித்துவிடுவார்களே!

இரண்டாயிரம் மே மாதம் மறுபடியும் துப்பாக்கி வந்தது. வங்கி மறுபடியும் போயிற்று. மிச்சமிருந்த ஒரே பொறியாளரும் குடையைக்கூட எடுக்காமல் வான்கூவருக்குப் பறந்தார். அடுத்த மாதம் ஜான்கி தர்மேந்திராவையும் அழைத்துக்கொண்டு வந்தார். தர்மேந்திரா வடக்குத் தீவில், லம்பாசாவில் கரும்பு போட்டவர். குத்தகை முடிந்து, மனைவி மக்களோடு நிலத்தை விட்டு வந்திருந்தார். வீட்டை வாங்கத் தயார். சாலை வராது என்று காகிதம் வேண்டும்.

"எங்கப்பா காலத்து நெலம் அண்ணே. வுட்டுட்டு வந்துட்டோம். இன்னொரு வாட்டி மூட்டை கட்ட தெம்பு இல்ல."

யோகேந்திரா மதிப்பீட்டுக் கோப்பைப் பிரித்தார். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு, 'செலவைக் குறைக்கும் பொருட்டு' என்று தலைப்பிட்டு, சாலையின் கடைசி முந்நூறு மீட்டரை வெட்டினார். மதிப்பீட்டுத் தொகை முதல் தடவையாகக் குறைந்தது. மேலதிகாரி பூரித்துப்போய் வரைபடத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டார். அதைக் காட்டி, நிலம் தேவையில்லை என்று ஜான்கிக்குக் கடிதம் தயாரானது. வீட்டை விற்று, இரண்டே மாதத்தில் அவர் பிரிஸ்பேன் போய்ச் சேர்ந்தார்.

"பதினாலு வருஷத்துல நான் போட்ட ஒரே ரோடு அது" என்று யோகேந்திரா மனைவி பிரமிளாவிடம் சொன்னார். "அக்கா அதுமேல நடந்தே ஆஸ்திரேலியா போயிட்டாங்க."

அடுத்த வருடம் தேர்தல் வந்தது. ஓர் அமைச்சர் மூன்றாவது அடிக்கல்லை நாட்டி, மக்கள் நலனுக்காகச் சாலை வுனிமோனோவையும் தாண்டிப் போகும் என்று முழங்கினார். பணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, கைதட்டினார்கள். பத்திரிகை முதல் பக்கத்தில் வரைபடத்தோடு போட்டது; வெட்டிய முந்நூறு மீட்டரின் மேலேயே கோடு மறுபடி ஓடியது. அதை மேசையில் விரித்து யோகேந்திரா இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது தர்மேந்திரா உள்ளே வந்தார். கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய்.

"நம்ம தோட்டத்துக் காய் அண்ணே. எல்லாம் ஒங்க கடுதாசியாலதான். பேங்க்கு லோன் குடுத்துட்டான். கூரை புதுசு, பின்னால ரெண்டு ரூம்பு கட்றேன்."

யோகேந்திரா பத்திரிகையை மெதுவாகக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார்.