வீரம்மா கேட்ட கண்

கன்னையா நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கோலாலம்பூருக்கு வந்தது ரப்பர்ப் பால் வெட்டவோ தண்டவாளம் போடவோ அல்ல, படம் எழுதப் படிக்க. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! அவனுடையது கோயில் சுவரில் சாமி எழுதுகிற குடும்பம். மனித முகத்தை அப்படியே எண்ணெய்ச் சாயத்தில் கொண்டுவரும் வித்தை அவர்களில் யாருக்கும் தெரியாது. அது தெரிந்த சீனர் ஒருவர் கோலாலம்பூரில் போட்டோக் கடை வைத்திருந்தார். அவரிடம் சேர்ந்தான். பிரிக்பீல்ட்ஸில், ரயில்வேத் தொழிலாளி பழனியப்பனின் அறையில் ஒரு மூலை கிடைத்தது.

சீனர் கறார்ப் பேர்வழி. போட்டோவைப் பார்த்து எழுதியவற்றையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார். உயிருள்ள ஆளை எதிரில் வைத்து எழுதிய படம் ஒன்று சீனப் புத்தாண்டுக்குள் வந்தால்தான் தேர்ச்சி, இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு என்று சொல்லிவிட்டார். தேறாமல் ஊர் திரும்பினால் மறுபடி அண்ணன்மாருக்குச் சுண்ணாம்பு குழைக்க வேண்டியதுதான்.

ஆகவே ஞாயிறுதோறும் ரயிலேறினான். காஜாங், பத்துமலை, கிள்ளான் என்று சுற்றினான். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயங்களில் ஜனங்கள் சற்று உட்கார்ந்திருப்பது அன்றைக்கு மட்டுந்தான். முதலில் நல்ல கூட்டம் மொய்த்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா, பாவி! கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு கிழவரை எழுதும்போது, கண்ணை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறாய் என்று யாரோ கேட்டார்கள்.

"சாமிக்குக் கடைசியிலதான் கண்ணு தொறப்போம். கண்ணு வச்சாத்தான் படத்துல உயிரு எறங்கும்" என்று பெருமையடித்துக்கொண்டான்.

கண் வைத்தான். அந்த வாரமே கிழவர் காய்ச்சலில் போய்விட்டார். அடுத்து எழுதிய பெண்ணும் போனாள். மலேரியா அந்தத் தோட்டத்தையே வாரிக்கொண்டிருந்த வருஷம் அது. படம் எழுதிக்கொள்ளாமலே எத்தனையோ பேர் செத்தார்கள். அதை யார் யோசித்தார்கள்? படத்தில் இறங்கிய உயிர் யாருடையது என்று ஜனங்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

அப்புறம் கேட்பானேன்! காஜாங்கில் அவன் தலையைக் கண்டதும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். பத்துமலையில் ஒரு பண்டாரம்கூடத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பழனியப்பனோ, "இருக்கிற வரைக்கும் இரு, சோறு தின்னு. என் மூஞ்சியப் பாத்து ஒரு கோடு கிழிச்சே, தொலைச்சுப்புடுவேன்" என்றான்.

புத்தாண்டு நெருங்கிய சமயத்தில், அதே கிள்ளான் தோட்டத்தில் வீரம்மா என்ற பால்வெட்டுக்காரி தானாக வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னைய எழுதுங்க தம்பி."

கன்னையாவுக்குத் தலைகால் புரியவில்லை. என்ன முகம் அது! கன்னம் ஒட்டி, நெற்றி வெறுமையாக, சொன்ன திசையில் அப்படியே இருந்தாள். ஈ உட்கார்ந்தாலும் ஓட்டவில்லை. இரண்டு மூன்று ஞாயிறுகளில் கண் தவிர எல்லாம் முடிந்தது. தன் கைதானா இது என்று அவனே மலைத்துப் போனான்.

"ஊருக்கு அனுப்பணுமாக்கா? யாரு இருக்காங்க?"

"யாரு இருக்கா? சேந்துதான் கப்பலேறுனோம். அவரும் புள்ளைங்களும் இந்த ரப்பர்க் காட்டுக்குப் பின்னால மண்ணுக்குள்ளதான் கெடக்குறாங்க." வீரம்மா அவன் கையிலிருந்த தூரிகையையே பார்த்தாள். "நீங்க கண்ணு வச்சா எத்தனை நாள்ல தம்பி உயிரு போவும்?"

கன்னையா தூரிகையைக் கீழே போட்டான்.

"அய்யோ, அதெல்லாம் பொய்க்கா! அவங்க காய்ச்சல்ல செத்தாங்க. என் படத்துல ஒண்ணுமே இல்ல."

"அவங்களுக்கெல்லாம் வச்சீங்க. எனக்கு மட்டும் என்ன வஞ்சனை?"

அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியே வந்துவிட்டான். ஆனாலும் மறு ஞாயிறு போனான். இன்னும் சேலை முடியவில்லை என்றான். அதற்கடுத்த ஞாயிறு முடிக்கு நரை சேர்த்தான். மனம் மாறிவிடமாட்டாளா என்று அவனுக்கு ஒரு நப்பாசை. அவளோ ஒவ்வொரு தடவையும் "இன்னைக்குத்தானே தம்பி?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பயந்து அவன் தலையே நிமிர்வதில்லை.

கண் இல்லாத படத்தைச் சீனரிடம் காட்டிப் பார்த்தான். அவர் வெகுநேரம் பார்த்தார். முதல்முறையாகத் தலையை ஆட்டினார். பிறகு, "மாத்தா மானா?" என்று மலாயில் கேட்டார். கண் எங்கே? திங்கட்கிழமைக்குள் கண்ணோடு கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்.

கடைசி ஞாயிறு. கன்னையா போனான். அவளுக்காகவா, தனக்காகவா என்று அவனைக் கேட்டால் என்ன சொல்வான்? வீரம்மா எதிரில் உட்கார்ந்தாள். கண் வைத்தான். வைத்து முடித்ததும் அவள் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு கையையும் கூப்பி, "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்றாள். வாசலைப் பெருக்கினாள். குளித்தாள். நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்தினாள். கதவைத் திறந்தபடியே விட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் சிரிப்பை அன்றுதான் அவன் பார்த்தான்.

கிள்ளானிலிருந்து மாலை ரயிலில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாளைக்குத் தேர்ச்சி உறுதி. இதற்காகத்தானே இவ்வளவு பாடு! மனசுதான் ரயிலில் இல்லை, அந்தப் பாயருகில் கிடந்தது. அவளுக்குக் காய்ச்சல் இல்லை, ஒரு நோவும் இல்லை. இருட்டு விலகுமுன் வேலைக்குக் கூப்பிட்டுத் தப்பு மேளம் அடிப்பார்கள். வீரம்மா கண் விழிப்பாள். தான் இன்னும் சாகவில்லை என்று அவளுக்குத் தெரியும்போது, பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.