தோற்ற கட்சியின் சுவர்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் வழியில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்து ஒரு வாரம் இருக்கும். சிமெண்ட் லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகின்றன. எதிரே ஒரு வீட்டுச் சுவரில், கட்சிக்கரை வேட்டி கட்டிய ஒருவர் தன் கட்சிச் சின்னத்தின் மேலேயே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்.

“எழுதறப்ப ஏணியப் புடிக்க அவ்வளவு பேரு வந்தாங்க. அழிக்கிறதுக்குக் கிளைச் செயலாளர் நான் ஒருத்தன்தாங்க,” என்கிறார். வீட்டுக்காரர் பெண்ணுக்குக் கல்யாணமாம். தோற்ற சின்னம் வாசலில் இருக்கக் கூடாதாம்.

“ஏன் தோத்தீங்க?”

“தலைவருங்க திருச்சியில கூட்டம் போட்டுப் பேசுனாங்க. கூட்டணி சரியில்லைன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல. கிளைக்காரங்க வேலை செய்யலைன்னு முடிச்சுட்டாங்க.”

என் பையிலிருக்கும் பத்திரிகையிலும் தலைவர்கள் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் வெளியே எடுக்கவில்லை.

சுண்ணாம்பு மட்டையை வாளியில் நனைத்துச் சுவரில் இழுக்கிறார். ஈரச் சுண்ணாம்புக்கு அடியில் சின்னம் அப்படியே தெரிகிறது.

“காஞ்சா மறைஞ்சிடும்,” என்று அவராகவே சொல்லிக்கொள்கிறார்.

டயர் மாட்டியாயிற்று. கண்டக்டர் விசிலடிக்கிறார். நான் திரும்பும்போது அவர் கேட்கிறார்: “சார், உங்க தெருவுல எங்களுக்கு எப்படிங்க?”

சென்னையில் வருஷக்கணக்காக ஒரே தெருவில் குடியிருக்கிறேன். அங்கே யார் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது.

“அங்கயும் போச்சுங்க,” என்கிறேன்.

அவர் முகம் தெளிகிறது.

“அப்ப நான் மட்டும் இல்லைங்க.”