செம்பில் ஏறாத தீட்டு

எங்கள் ஐயா மலாயாவில் ரயில்வேக் கிளாக்கராக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு கோப்பாய்க்குத் திரும்பியபோது இரண்டு வருத்தங்களையும் கூடவே கொண்டுவந்தார். ஒன்று சலரோகம், மற்றது மின்சாரம். சலரோகத்துக்குப் பரியாரியார் சூரணம் கொடுத்தார். மற்றதற்கு ஊரில் மருந்து இருக்கவில்லை.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. மின்சாரக் கம்பி எங்கள் பக்கம் எட்டியும் பார்க்காத காலம். நாங்கள் அரிக்கன் லாம்பின் முன்னால் இருந்து சாப்பிடுவதைக் காணும்போதெல்லாம் ஐயா பெருமூச்சு விடுவார். கோலாலம்பூரில் சுவிச்சைத் தட்டினால் பகல்போல இருக்குமாம். அங்கே அவர் இருந்த வீட்டில் எந்தெந்த அறையில் பல்பு எரிந்தது என்பது எங்கள் வீட்டு ஆடுமாடுகளுக்கும் மனப்பாடம். கம்பி வரும்வரைக்கும் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. மின்சாரத்தை வீட்டிலேயே செய்துவிடுவது என்று தீர்மானித்தார்.

துணைக்கு ஒருவர் அகப்பட்டார். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார். அம்மாவுக்குத் தம்பி முறை, அதனால் எனக்கு மாமா. ஐயாவும் மாமாவும் பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். ஒரு மோட்டர், ஒரு டைனமோ. மோட்டர் டைனமோவைச் சுற்றும். டைனமோ மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும். மிச்சத்தில் வீட்டுக்கு விளக்கு எரியும். ஒருதரம் சுண்டிவிட்டால் போதும், பேரப்பிள்ளை காலம்வரைக்கும் ஓடும். நிலக்கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஆள் வேண்டாம். சோறும் கறியும் ஒன்றையொன்று சமைக்கிற காலம் வந்தால் தனக்கும் சொல்லும்படி அம்மா கேட்டுக்கொண்டாள்.

காந்தங்கள் பட்டினத்துக் கராஜ் ஒன்றில் கிடந்த செத்த மோட்டார்க் காரிலிருந்து வந்தன. அச்சு கடையப் போன அச்சுவேலிக் கொல்லன், இது என்னத்துக்கு என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் கூலியை முன்னாலேயே வாங்கிக்கொண்டு கடைந்து கொடுத்தான். கொயில் சுற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு, சாதகம் பொருந்துவதற்காக வீட்டில் காத்திருந்த குமர். தையல் மெசினில் நூல் சுற்றத் தெரிந்தவளுக்குக் கொயில் சுற்றத் தெரியாதா என்பது ஐயாவின் வாதம். வெறும் செம்புக் கம்பிக்கு மேலே பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி, தேன்மெழுகு பூசி, அதைப் பிறகு இரும்பில் வரி வரியாகச் சுற்றவேண்டும். விரல் நுனி எல்லாம் வெடித்தது. மாமா வந்து பார்த்து, பெண்களுக்கு இயற்கையிலேயே பொறுமை உண்டு என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்.

கார் பற்றறி ஒன்றைக் கொண்டுவந்து கொழுவியபோது மோட்டர் சுற்றியது, டைனமோவும் சுற்றியது. இருவரும் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். பற்றறியைக் கழற்றினார்கள். எல்லாம் நின்றுவிட்டது. உராய்வுதான் எதிரி என்று மாமா கண்டுபிடித்தார். தேங்காயெண்ணெய் விட்டார்கள், நல்லெண்ணெய் விட்டார்கள், ஆமணக்கெண்ணெயும் விட்டார்கள். இயந்திரம் நன்றாக மணந்தது, சுற்றவில்லை. கடைசியில் மோட்டரைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார்கள். டைனமோவுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டிச் சில்லை நிறுத்தி, தோல்பட்டி போட்டு, சில்லுக்குக் கைபிடி வைத்தார்கள். ஆனாலும் தானாகச் சுற்றும் இயந்திரம் என்ற பெயரை மட்டும் விடவில்லை. ஆக, எங்கள் வீட்டில் தானாகச் சுற்றும் இயந்திரத்தைச் சுற்றுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் ஐயாவும் இல்லை, மாமாவும் இல்லை. கைபிடியைச் சுற்றுவது கூலிவேலை. எங்கள் புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதிக்க வருகிற ஒருவரைக் கூப்பிட்டார்கள். கிணற்றின் மேலே துலாவில் காலை முழுதும் முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைக்கிற உடம்பு அது. அவர் சில்லைச் சுற்றியதும் முற்றத்தில் கட்டியிருந்த கார் பல்பு பளீரென்று எரிந்தது. கோழிகள் விடிந்துவிட்டதென்று கூட்டைவிட்டு வெளியே வந்தன. அதைக் கண்டு எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த வெளிச்சம் ஐயாவின் தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் அம்மன் கோயிலில் திருவிழா நாட்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். போன வருடம் எங்களுக்கு முந்தின நாள் திருவிழாக்காரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்து, எங்கள் திருவிழாவைச் செத்தவீடுபோல ஆக்கிவிட்டார்கள். இந்த வருடம் மூலஸ்தானத்து வாசலில் மின்சார விளக்கு எரியும், அவர்கள் மேளத்தை எடுத்துக்கொண்டு குளத்தில் குதிக்கட்டும் என்று ஐயா சொன்னார்.

விஷயத்தைச் சுற்றுகிறவருக்கும் சொன்னார்கள். அவர் சில்லை விட்டு நிமிர்ந்து, ஒன்று கேட்கலாமோ என்றார். அவருடைய ஆட்களைக் கோயிலுக்குள் விடுவதில்லை. வாசலுக்கு நேரே, வீதிக்கு அப்பால் உள்ள வேப்பமரத்தடிதான் அவர்களுக்கு எல்லை. அங்கிருந்து பார்த்தால் உள்ளே ஒரு கறுத்த பொந்து மட்டும் தெரியும். எண்ணெய் விளக்கின் வெளிச்சம் அவ்வளவு தூரம் வராது.

“எழுந்தருளி வீதிக்கு வரேக்கை கண்டிருக்கிறன், நயினார். உள்ளுக்கை இருக்கிற அம்மாளாச்சியை ஒருநாளும் காணேல்லை. இந்தப் பல்பு எரிஞ்சால் வேம்படியிலை நிண்டு அவவின்ரை முகம் தெரியுமோ?”

தெரியாமல் என்ன, மூக்குத்திக் கல்லைக்கூட எண்ணலாம் என்று ஐயா வாக்குக் கொடுத்தார். மலாயாப் பென்சன்காரர் வாக்குக் கொடுப்பதில் குறை வைக்கமாட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் கூப்பிடாமலே வந்து சில்லுக்கு எண்ணெய் விட்டார். வீட்டிலும் சொல்லியிருக்கவேண்டும். வேலிக்கு வெளியே அவருடைய மனைவியும் வந்து நின்று பல்பைப் பார்த்துவிட்டுப் போவாள்.

கோயிலில் கூட்டம் கூடினார்கள். விளக்கு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல பிரச்சினை. உள்ளே வரக்கூடாத ஒருவர் சுற்றுகிற மின்சாரம் உள்ளே வரலாமா என்பதுதான். கம்பி வழியாகத் தீட்டும் வந்துவிடாதா? படித்த மனிதர்கள் இருந்து இதைக் கதைத்தார்கள். மாமா மின்சாரத்துக்குச் சாதி இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார், தமிழில் சொல்லவில்லை. கடைசியில் கோயில் மனேச்சர் தீர்ப்புச் சொன்னார். செம்பு சுத்தமான உலோகம், கும்பம் வைப்பதே செம்பில்தான், ஆகவே செம்பில் தீட்டு ஏறாது. மின்சாரம் வரலாம். சுற்றுகிறவர் வரக்கூடாது, இயந்திரமும் வேம்படிக்கு அப்பால் நிற்கவேண்டும். குருக்கள் தன் பங்குக்குக் கம்பிக்கு மஞ்சள்நீர் தெளிப்பதாகச் சொன்னார்.

கம்பியோ மெல்லியது, நான் கொயில் சுற்றி மிஞ்சியது. வீதி, வாசல், மண்டபம் எல்லாம் கடந்து மூலஸ்தானத்துக்குப் போகவேண்டும். வெள்ளோட்டம் பார்த்த அன்று அந்த மனிதர் உயிரைக் கொடுத்துச் சுற்றினார். உள்ளே பல்பில் சுருட்டு நுனியளவு ஒரு சிவப்பு மட்டும் தெரிந்தது. கம்பி நீண்டால் மின்சாரம் வழியிலேயே களைத்துப்போகும் என்பது மாமாவுக்குத் தெரியும், எனக்கே தெரியும். இயந்திரத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தால் முடிந்தது. சுற்றுகிறவரையும் உள்ளே விடவேண்டும், அல்லது உள்ளே போகக்கூடியவர்கள் சுற்றவேண்டும். இரண்டையும் தவிர மற்றதெல்லாம் யோசித்தார்கள். காந்தத்தின் பலம் போதாது என்றார்கள். ஐயாவுக்குச் சனி பார்வை என்றார்கள். எனக்கு அன்றும் ஆத்திரம், இன்றும் ஆத்திரம்.

கடைசியில் கோயில் மதிலுக்கு வெளிப்புறமாக, மூலஸ்தானத்துக்குக் கிட்டிய இடத்தில் இயந்திரத்தை வைக்க மனேச்சர் இடம் கொடுத்தார். மதில் இடையில் இருப்பதால் அது வெளிதானாம். அபிஷேகத் தண்ணீர் வெளியே ஓடுகிற ஓட்டை வழியாகக் கம்பியை உள்ளே விட்டார்கள். இப்படியாக எங்கள் கோயிலுக்குள் மின்சாரம் தண்ணீர் ஓட்டையால் நுழைந்தது. பல்பை மூலஸ்தானத்துக்குள் வைக்கக் குருக்கள் விடவில்லை. அதனால் மூலஸ்தான வாசலின் நடுவில், எல்லாரும் காணும்படி, மல்லிகைச் சரம் சுற்றித் தொங்கவிட்டார்கள்.

திருவிழாவன்று மாலைப் பூசைக்குச் சனம் நிறைந்திருந்தது. ஐயா பட்டுவேட்டி கட்டி உள்ளே முன்னால் நின்றார். நான் பெண்களோடு உள்ளேதான் நின்றிருக்கவேண்டும். ஆனால் டைனமோவில் சுற்றுகிற செம்பு வளையத்தில் கரித்துண்டுகளை அழுத்திப் பிடிக்கும் சுருள்வில் பின்னேரம் முறிந்துவிட்டது. இரண்டு கையாலும் இரண்டு தடியால் அவற்றை யாராவது அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். யாராவது என்றால் அது நான்தான். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதிலின் பின்னால் குந்தினேன். அவர் சுற்றினார். மாமா புதுச் சால்வையோடு பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தார்.

உள்ளே மணி அடித்தது. அவர் வேகத்தைக் கூட்டினார். மதிலுக்கு அப்பால் சனம் ஒரே குரலில் “அம்மா” என்றது. எரிந்துவிட்டது என்று எங்களுக்கு விளங்கியது. அந்த மனிதரின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அடுத்த கணமே அது மாறியது. தான் சுற்றினால்தான் வெளிச்சம், தான் சுற்றும் இடத்தில் இருந்தால் மதில்தான் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எங்கள் ஒருவருக்குமே அது முன்னால் தோன்றவில்லை.

“நயினார், ஒருக்கால் ஆரும் பிடிச்சியளெண்டால் ஓடிப்போய்ப் பாத்திட்டு வாறன்” என்று மாமாவைக் கேட்டார்.

மாமா கைபிடியைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார். தீபாராதனை வரப்போகிறது, நிற்பாட்ட வேண்டாம் என்றார். என் கை இரண்டும் தடியில் இருந்தன. அவர் சுற்றிக்கொண்டே இருந்தார், வியர்வை ஒழுகியது. அப்போது வேம்படிப் பக்கமிருந்து அவருடைய மனைவி மதிலைச் சுற்றி வந்தாள். அவரைத் தேடித்தான் வந்திருக்கிறாள். நிலைமையைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாள்.

“விடுங்கோ, நான் சுத்திறன். போய்ப் பாத்திட்டு வாங்கோ.”

அவள் கை மாற்றியபோது சில்லு ஒரு துளியும் தளரவில்லை. நெல்லுக் குத்துகிற கை. அவர் ஓடினார். மாமா பெண்பிள்ளை சுற்றுவது சரியில்லை என்று எதையோ முணுமுணுத்தார், அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போன வேகத்தில் அவர் திரும்பி வரவில்லை, மெல்ல நடந்து வந்தார்.

“கண்டியளே?” என்று அவள் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“இல்லை. பல்புதான் தெரியுது. கண்ணைக் குத்துது. அதுக்குப் பின்னாலை ஒரே இருட்டு.”

அந்த நேரம் பார்த்து ஐயா உள்ளேயிருந்து ஓடிவந்தார். நெற்றியில் சந்தனம், முகத்தில் வெற்றி. தீபாராதனைக்கு முன்னால் ஒரு பாராட்டாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறார். மனைவி சுற்றுவதையும் அந்த மனிதர் விலகி நிற்பதையும் கண்டு, தெருவிலிருந்து எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேட்டார்.

“ஓம் நயினார். பல்பு நல்லாத் தெரிஞ்சது.”

ஐயா பூரித்துப்போனார். கேட்டாயோ, தெருவில் நின்றவனுக்கும் என்ரை பல்பு தெரிந்திருக்கிறது என்று மாமாவின் தோளில் தட்டினார். அவர் சொன்னதை ஐயா கேட்டார், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள். கைபிடியை விட்டாள்.

“அப்ப நாங்கள் என்னத்துக்கு இதைச் சுத்துவான்? வாங்கோ போவம்” என்று புருஷனிடம் சொன்னாள், எங்களிடம் அல்ல. இரண்டு பேரும் போனார்கள். சில்லு தளர்ந்து தளர்ந்து நின்றது. உள்ளே சனம் “ஓ” என்றது. ஐயா முதலில் கூப்பிட்டார், பிறகு அதட்டினார், பிறகு இனிமேல் தோட்டத்துப் பக்கம் வரக்கூடாது என்று கத்தினார். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே இருந்து மனேச்சர் வெளிச்சம் எங்கே என்று கேட்பது மதிலைத் தாண்டி வந்தது. மாமாவுக்குத் திடீரென்று உள்ளே கம்பியைப் பார்க்கவேண்டிய வேலை வந்துவிட்டது, போய்விட்டார்.

தீபாராதனை மேளம் தொடங்கியது. ஐயா அங்கும் இங்கும் பார்த்தார். மதிலின் பின்னால் அவரும் நானும்தான். பட்டுவேட்டியை மடித்துக் கட்டினார், கைபிடியைப் பிடித்தார். சலரோகக்கார உடம்பு, சில்லு முதலில் அசையவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். உள்ளே மறுபடியும் “அம்மா” என்று சத்தம் எழுந்தது. திருவிழாக்காரருக்குரிய காளாஞ்சி மரியாதை கொடுக்க அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுற்றுவதை விட்டால் விளக்குப் போய்விடும், அவர் போகவில்லை.

“பிள்ளை, எரியுதோ?” என்று மூச்சு வாங்கியபடி கேட்டார். “அம்மாளாச்சி தெரியிறாவோ?”

“இஞ்சை நிண்டால் மதில்தான் தெரியும், ஐயா” என்றேன்.