திறந்து பார்த்த கிழங்கு

கடைத்தெருவில் அவரை எல்லோரும் டிக்டிக் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருஷமாகக் கடிகாரம் ரிப்பேர் செய்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வாய்க்கும்! ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, எள்ளளவு திருகாணியைக்கூடத் தூக்கி உட்கார வைத்துவிடுவார். நல்ல மனிதர்தான். ஒரே ஒரு கெட்ட பழக்கம், எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. ஒழுங்காக ஓடுகிற கடிகாரத்தைக்கூட, "உள்ள எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாத்துடலாமே" என்பார். வீட்டில் மிக்ஸியிலிருந்து குழாய் வரை அவர் கழற்றாத சாமான் கிடையாது.

அவர் மனைவிக்குத் தையல் வேலை. போன வருஷம் ஊசியில் நூல் கோக்கத் தடுமாற ஆரம்பித்தாள். பிறகு நிலைப்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது, நடுவில் மிஞ்சியிருப்பதும் ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"உள்ள திறந்து சரி பண்ண முடியாதா டாக்டர்?" என்று கேட்டார் டிக்டிக்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பார்கள், அவர்களுக்கென்ன. மனிதர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்.

அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். அவள் பிறந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறைக் குன்று. முதல் மழை விழுந்ததும் அங்கே ஒரு காட்டுப் பூ வரும். இலை கிடையாது, வெறும் தண்டு மட்டும் மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பி, உச்சியில் ரத்தச் சிவப்பாக ஆறு இதழ் விரிக்கும். அந்த மண்ணுக்கே உரிய செடி, எந்த நர்சரியிலும் கிடைக்காது.

"அதை ஒரு தடவை பாத்துட்டா போதுங்க. அப்புறம் இருட்டுனா இருட்டட்டும்."

அந்தக் குன்றைத்தான் கல்லுக்காக வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே லாரி ஓட்டுகிற அவள் தம்பி, ஜல்லிக்குள் தேடித் துழாவி ஒரே ஒரு கிழங்கைக் கொண்டுவந்தான். பார்த்தால் கறுத்துப்போன வெங்காயம்.

"மாமா, இது இப்ப தூங்குது. மழை வர்ற வரைக்கும் தண்ணி காட்டாதீங்க. முக்கியமா, கிளறாதீங்க. உங்க கையைப் பத்தி எனக்குத் தெரியும்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா மாப்ளே?"

சின்னப் பிள்ளையாக இருந்தாலாவது நாலு அடி போட்டு அடக்கியிருக்கலாம். கொல்லைச் சுவரோரம் தொட்டியில் நட்ட கிழங்கை மனிதர் பத்து நாள்தான் விட்டுவைத்தார். உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி மதியம் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து, வாரம் தவறாமல் தோண்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் புதைத்தார். ஒருமுறை இரண்டு வேர் விட்டிருந்தது. சந்தோஷத்தில் தூக்கினார், இரண்டும் அறுந்தன. மண் காய்ந்து கிடக்கிறதே என்று மனசு கேட்காமல் டம்ளர் டம்ளராகத் தண்ணீரும் ஊற்றினார். எல்லாம் பாசம்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

முதல் மழை கொட்டியது. அவள் ஸ்டூலை இழுத்துக் கொல்லை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். தொட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே இப்போது தலையை அப்படியும் இப்படியும் திருப்ப வேண்டியிருந்தது.

"வந்துடுச்சாங்க?"

"வரும், வரும்."

நாலு நாள், எட்டு நாள், பன்னிரண்டு நாள். பதிமூன்றாம் நாள் காலை அவள் குளிக்கப் போனதும் அவருக்குத் தாங்கவில்லை. தோண்டி எடுத்தார். ஒரு பக்கம் கொழகொழவென்று அழுகியிருந்தது. அழுகல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தால் அதை மட்டும் வெட்டி எறிந்துவிடலாமே என்று நினைத்தார். வேலைக்கத்தியை எடுத்து, லென்ஸை மாட்டிக்கொண்டு, நடுவில் வைத்து அறுத்தார்.

அழுகல் மேல் தோலோடு நின்றிருந்தது. உள்ளே பால் வெள்ளையாகப் புத்தம் புதிதாக இருந்தது. நடுவில் அரிசி அளவுக்கு ஒரு மொட்டு. கத்தி மயிரிழை தள்ளிப் போனதில் மொட்டு பிழைத்துவிட்டது, அதைத் தாங்குகிற அடிப்பாகம் இரண்டாகிவிட்டது. ஐயோ, இன்னும் ஒரு வாரம் சும்மா இருந்திருந்தால்! இரண்டு பாதியையும் சேர்த்து அவளுடைய தையல் நூலால் கட்டப் பார்த்தார். மூடியைப் போட்டு இறுக்கினால் ஓடுவதற்கு அது கடிகாரமா?

ஈரத் தலையோடு, சுவரைத் தடவியபடி அவள் வந்து நின்றாள்.

"திறந்துட்டீங்களா?"

திட்டியிருந்தால் தேவலை. அவர் அவளை ஸ்டூலில் உட்கார வைத்தார். லென்ஸைக் கழற்றி அவள் கண்ணில் பொருத்தி, மொட்டு இருந்த பாதியை வெயிலில் பிடித்தார். அவள் அசையாமல் பார்த்தாள். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

"ஆறு இதழும் இருக்குங்க," என்றாள். அவர் கையை இன்னும் கிட்டே இழுத்து, "வெள்ளையாத்தானே இருக்கு. சிவப்பு எங்க?"

"அது... கடைசியிலதான் ஏறும்போல."

அவள் லென்ஸைக் கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள். டிக்டிக் இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி அங்கேயே நின்றார். கையை எடுத்தால் பிரிந்துவிடும்.